சத்தத்துக்கு உதடு எங்கே

பகலில் தூங்குகிறவர்களுக்கு ஊரே எதிரி. பழைய இரும்பு வாங்குகிற வண்டி, கேஸ் சிலிண்டரை உருட்டுகிறவர், மைக் கட்டிக்கொண்டு வெங்காயம் விற்கிற ஆட்டோ, எல்லாரும் என்னைக் குறிவைத்தே எங்கள் தெருவுக்குள் வருகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு நைட் டியூட்டி. காலையில் ரயிலில் ஆம்பூர் வந்து இறங்கி, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரைக்கும் தூங்கவேண்டும். முக்கால்வாசித் தூக்கம் நல்லபடியாகவே போகும். பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனி விட்டு வந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எருமைக்கன்று கத்த ஆரம்பிக்கும்.

நிஜக் கன்று இல்லை. அக்கா செய்துகொண்டிருந்த ஆர்கனின் குழாய். ஆர்கன் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தையல் மிஷின் மேஜை அளவுக்கு ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் தோல் துருத்தி, பெட்டிக்கு மேல் வரிசையாகச் சில குழாய்கள். கட்டையை அழுத்தினால் துருத்தியின் காற்று குழாய்க்குள் போகும், அதற்குள் இருக்கிற பித்தளை நாக்கு துடிக்கும், சத்தம் வரும். அவ்வளவுதான். அந்த அவ்வளவை முடிக்க அக்கா எடுத்துக்கொண்ட காலத்துக்குள் நான் வாடகை அக்ரிமென்டை ஒரு தடவைக்கு மேல் புதுப்பித்துவிட்டேன்.

அவளுக்கு ஐம்பது நெருங்கியிருக்கும். கம்பெனியில் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்தும் நீலக் கோட்டைக் கழற்ற மாட்டாள். அந்தக் கோட்டோடேயே சமைப்பாள், துணி துவைப்பாள், அரம் வைத்துப் பித்தளையை ராவுவாள். அதன் பையில் கை விட்டால் நூல்கண்டும் கறிவேப்பிலையும் பித்தளைத் தூளும் சேர்ந்து வரும்.

எந்தச் சத்தம் கேட்டாலும் அக்கா செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தலையைச் சாய்ப்பாள். முதல் கேள்வி, “எது கத்துது?” என்பது. இரண்டாவது கேள்விதான் அவளுக்கே உரியது. “அதுக்கு உதடு எங்க இருக்குது?”

அவள் கணக்கில் உலகத்தில் எந்தச் சத்தத்துக்கும் ஒரு உதடு இருந்தாக வேண்டும். குக்கருக்கு, கதவுக்கு, கொசுவுக்கு, அடைத்துக்கொண்ட சிங்க் குழாய்க்கு. “ரெண்டு சேந்து பிரியணும் சிஸ்டர். சேராம பிரியாம எதுவும் கத்தாது” என்பாள். நர்ஸ் என்பதால் தெருவில் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். கொசுவுக்கு உதடு இல்லை, அது இறக்கைச் சத்தம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் கொசுவத்தி கொளுத்தவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து உள்ளே ஒரு கொசுவைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருக்கும், பக்கத்து வீட்டில் இல்லாதவரைக்கும். என் கூடப்பிறந்த அக்காவின் மகள் ஒரு தடவை லீவுக்கு வந்திருந்தாள், மூன்று வயது. நடந்தால் பீப்பீ என்று கத்துகிற செருப்பு போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கி எழுந்து பார்த்தால் ஒரு செருப்பைக் காணோம். பக்கத்து வீட்டு வாசலில் அக்கா அதன் குதிகாலைத் தோல் கத்தியால் கிழித்து, உள்ளிருந்த பட்டாணி அளவு பிளாஸ்டிக் ஊதலைக் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இது?” என்றேன்.

“ஒட்டிக் குடுத்துடறேன், இருங்க. உள்ள பாருங்களேன், ஒரு காயிதம் மாதிரி இருக்குதே, அதுதான் உதடு. இத்துனூண்டு இருந்துக்கினு ஊரையே எழுப்புது.”

ஒட்டித்தான் கொடுத்தாள், கம்பெனி சொல்யூஷன் போட்டு, கிழித்த இடமே தெரியாமல். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் செருப்பு ஒரு காலில் மட்டும்தான் கத்தியது. குழந்தை ஒற்றைக்காலில் குதித்துக் குதித்துப் பார்த்துவிட்டு அழுதது. அக்கா அதையும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டவுன் பஸ் ஹாரனுக்கும் உதடு தேடியிருக்கிறாள். கிளம்பப்போகிற பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டு டிரைவரை இறங்கிவரச் சொன்னாள். ஏதோ பஞ்சாயத்து என்று பயந்து இறங்கிய மனிதர், கடைசியில் பானெட்டைத் தூக்கி ஹாரனைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். வட்டமான தகடு ஒன்று உள்ளே அதிர்கிறது. அக்காவுக்குப் பெருத்த ஏமாற்றம். “அது உதடு இல்ல சிஸ்டர், கன்னம்” என்றாள் என்னிடம்.

ஒருநாள் நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டாள். “சாகறவங்களுக்குக் கடைசில தொண்டைல ஒரு சத்தம் வருமாமே. அது எது கத்துது?”

தினம் வார்டில் கேட்கிற சத்தம்தான். ஆனால் வீட்டு வாசலில் வைத்து யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சளி தேங்கி நிற்கும், துப்பத் தெம்பிருக்காது, மூச்சு அதற்குள் போய்வரும் என்று சொன்னேன். அக்கா பயப்படவுமில்லை, வருத்தப்படவுமில்லை. தன் தொண்டையின் மேல் இரண்டு விரலை வைத்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளைக் கண்டு எனக்குச் சற்று பயமாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரருக்குக் காது கேட்காது.

பிறவியில் அப்படி இல்லை. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர், தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் யார்டில் வேலை செய்தவர். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற மர டிரம்கள் தோலையும் தண்ணீரையும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உருளும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஆயுசு நின்றவர். நான் குடிவந்தபோது அவருக்கு ஆண்கள் பேசுவது முனகலாகக் கேட்கும், பெண்கள் பேசுவது கேட்கவே கேட்காது. முன்பெல்லாம் பெரிய வாய்க்காரராம், டீக்கடை பெஞ்சில் அவர் இருந்தால் வேறு ரேடியோ வேண்டாமாம். நான் பார்த்த அண்ணன் டீயை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்துக் குடிக்கிறவர். பெஞ்சில் யாரோ ஒன்று கேட்க இவர் வேறொன்று சொல்லி, ஒரு சிரிப்பு எழுந்திருக்கிறது. அதோடு பெஞ்சும் நின்றுபோனது, பேச்சும் நின்றுபோனது.

அக்கா முதலில் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றாள். அவள் பிறந்த வீடு குடியாத்தம், லுங்கித் தறிக் குடும்பம். பவர்லூம் ஓடுகிற வீட்டில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, வாயசைவைப் பார்த்தேதான் சண்டை போடுவார்கள், கல்யாணம் பேசி முடிப்பார்கள். அதனால் மெதுவாக, வாயை நன்றாக அசைத்து அவரிடம் பேசினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் முன்னால் யாரும் வாயை அகலமாகத் திறந்து பேசினால் கிண்டல் செய்வதாகவே அவருக்குப் பட்டது. ஹியரிங் எய்டும் வாங்கியாயிற்று. சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். “ஃபேன் கத்துது, தட்டு கத்துது. மனுசன் மட்டும் கத்தல” என்றார். அதைச் சொன்னபோது தெருவுக்கே கேட்டது, தன் குரலின் அளவும் அவருக்குத் தெரியவில்லை.

“எழுதிக் காட்டலாமே?” என்று நான் கேட்டேன்.

“எழுதினா படிக்கிறாரு. சோறு ஆச்சு, கதவ சாத்து, கரண்ட் பில்லு. இத்த எழுதலாம். நான் வாயால தொணதொணக்கறத எல்லாம் எழுத முடியுமா சிஸ்டர்?”

அக்கா முதன்முதலில் ஆர்கனைப் பார்த்தது ஒரு கல்யாணத்தில். அவள் லைனில் தைக்கிற ஒரு பெண்ணுக்கு மெட்ராசில் பழைய சர்ச் ஒன்றில் கல்யாணம். வேன் வைத்துப் போனார்கள், அண்ணனும் போனார். பெண் உள்ளே வரும்போது ஆர்கன் வாசித்தார்கள். எல்லாரும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஏனென்றால், அதுவரை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அடியிலிருந்து ஒரு கனத்த சத்தம் எழும்பியபோது தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்திருக்கிறார். சத்தம் மேலே ஏறிப் போனதும் மறுபடியும் செருப்பு. கீழே இறங்கினால் தலை நிமிர்கிறது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் போனபோது அக்கா ஆர்கனுக்குப் பின்னால் போனாள். வாசித்த பெண் முதலில், தொடாதீங்கம்மா என்று விரட்டினாள். கேள்வி நிற்பதாகத் தெரியவில்லை என்றதும் பக்கப் பலகையைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினாள். எல்லாக் குழாயும் ஒரே மாதிரி இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. சிலது புல்லாங்குழல் போல வெறும் காற்றில் பாடுகிறவை. சிலதுக்குள்ளே பித்தளை நாக்கு இருக்கிறது. அந்தக் கனத்த, கரகரத்த சத்தம் நாக்கு வைத்த குழாய்களுடையது. அக்கா பிரியாணி சாப்பிடாமலேயே வேனில் ஏறினாள். ஆம்பூர்க்காரி கல்யாண பிரியாணியை விட்டுவிட்டு வந்தாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளலாம்.

மறுநாள் அண்ணனுடைய ஆஸ்பத்திரிப் படத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். காது சோதனை செய்து கோடு போட்டுக் கொடுப்பார்களே, அது. இடப்பக்கம் தாழ்ந்த சத்தம், வலப்பக்கம் உயர்ந்த சத்தம், கோடு வலப்பக்கம் போகப் போகச் சரிந்து விழுகிறது என்று விளக்கினேன்.

“அப்ப இந்தப் பக்கம் இன்னும் வாசல் தொறந்துதான் இருக்குது?” என்று இடப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

“கொஞ்சம்.”

“கொஞ்சம் போதும். அந்த வாசல்ல போய் நிக்கலாம்” என்றாள்.

அப்படித்தான் குழாய் செய்ய ஆரம்பித்தாள். ஃபோனில் யார் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் குழாய் செய்கிற வீடியோக்களை, பேச்சைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டுப் பார்த்தாள். பித்தளைக் குழலை நீளவாக்கில் ராவித் தட்டையாக்கி, அதில் ஒரு பிளவு. அதுதான் உதடு. அந்தப் பிளவை மூடுகிற மாதிரி மேலே ஒரு பித்தளைத் தகடு. அது நாக்கு. நாக்கு உதட்டை அடித்து அடித்து விலகினால் சத்தம். இரண்டையும் ஒரு மரக்கட்டையில் சொருகி, அடியில் ஒரு கூட்டில் வைக்க வேண்டும். அந்தக் கூட்டுக்கு வெளிநாட்டில் பூட் என்றே பெயராம். அதைத் தெரிந்துகொண்ட அன்று அக்கா என் கதவைத் தட்டி எழுப்பிச் சொன்னாள். “நாள் பூரா பூட்ஸ் தச்சுட்டு வர்றேன், இங்க வந்தா இங்கயும் பூட்ஸ்!” தூக்கம் கெட்ட கோபத்தில் நான் சிரிக்கவில்லை. அவள் எனக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டாள்.

முதல் நாக்கு பேசவில்லை. தகடு நேராக இருந்ததால் காற்று பட்டதும் உதட்டில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. நுனியைக் கொஞ்சம் வளைக்க வேண்டுமாம், தலைமுடி அளவுக்கு. அதிகம் வளைத்தால் துடிக்கவே ஆரம்பிக்காது, வெறும் காற்று போகும். ஷூவின் மேல்தோல் ஓரத்தை மடித்துத் தேய்க்கிற வழுவழுப்பான கட்டை ஒன்று அவளிடம் இருந்தது. அதை வைத்து நாக்கைத் தேய்த்துத் தேய்த்து வளைத்தாள். வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாள். மறுபடியும் தேய்ப்பாள். உதட்டோரம் பச்சையாகப் பித்தளைக் கறை இருக்கும், அதோடேயே கம்பெனிக்குப் போவாள்.

பேச ஆரம்பித்த நாக்குகளும் அவளுக்கு வேண்டிய மாதிரி பேசவில்லை. எல்லாம் வாத்து, ஆடு, கன்றுக்குட்டி. அவளுக்கு வேண்டியது அதற்கும் கீழே. நாக்கு நீளமாக இருந்தால் தாழும், ஆனால் நீளத்துக்கும் ஒரு எல்லை உண்டு. நாக்கின் நுனியில் பாரம் ஏற்றினால் தாழும் என்று கண்டுபிடித்து, ஷூ கயிறு நுழைகிற துளையில் அடிக்கிற பித்தளை வளையம் இருக்கிறதே, ஐலெட், அதைக் கொண்டுவந்து நுனியில் பற்றவைத்தாள். ஒரு ஐலெட் வைத்ததில் கன்று பசுவானது. இன்னொன்று வைத்ததில் பசு லாரியானது. அன்றைக்கு எங்கள் இருவர் வீட்டுக்கும் சொந்தக்காரியான பாய் வீட்டம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, “ஏம்மா, பஸ் ஸ்டாண்ட நம்ம வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா? பேஜாராப் போச்சு” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.

வாயால் ஊதினால் போதாதா, எதற்குப் பெட்டி, துருத்தி என்று நான் கேட்டேன். வாயால் ஊதினால் காற்று ஆடுகிறதாம், சத்தமும் ஆடுகிறதாம். அதோடு, ஊதிக்கொண்டிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் பெட்டி. குழாய்களின் மேல்பாகக் கூம்புகளை ஷூவுக்கு உள்ளே வைக்கிற கெட்டி அட்டையைச் சுருட்டிச் செய்தாள். துருத்திக்கும், கட்டைகளுக்கு அடியில் காற்றை மூடித் திறக்கிற சின்னச் சின்ன மூடிகளுக்கும் வெள்ளாட்டுத் தோல். கழிவுத் தோல் விற்கிற சந்தில் அலைந்து, கையால் தடவித் தடவி, பளபளவென்று ஒரு குறையில்லாத துண்டுகளாகப் பொறுக்கி வாங்கினாள். அந்தத் தோலில் எனக்கு ஒரு பர்ஸ் தைத்துக்கொள்ளலாம் போல ஆசையாக இருந்தது.

அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பெட்டி முடிந்த அன்று அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். நானும் போயிருந்தேன். துருத்தியை மிதித்தாள். கட்டை ஒன்றையும் தொடாதபோதே பெட்டிக்குள்ளிருந்து எல்லாக் குழாயும் சேர்ந்து முனக ஆரம்பித்தன. காற்று எல்லா மூடியிலும் கசிந்துகொண்டிருந்தது. தாழ்ந்த கட்டையை அழுத்தினாள். அந்தப் பெரிய குழாய்க்குப் போகவேண்டிய காற்று வழியிலேயே செத்து, புஸ் என்று ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. இன்னும் வேகமாக மிதித்தாள். முனகல்தான் கூடியது, ஜுர வார்டு மாதிரி. அண்ணன் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு எழுந்து, “வேலைக்குப் போய்ட்டு வந்து கால நீட்டிப் படுக்காம இன்னா பண்ணினு இருக்கற நீ?” என்றார். திட்டாகக்கூடச் சொல்லவில்லை, பாவம் பார்த்துச் சொன்னார். எனக்கே அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே அவர் முடிவைச் சொன்னார். பேரணாம்பட்டுப் பக்கம் அவர் தம்பி நிலம் வைத்திருக்கிறார். அங்கே போய் இருந்துகொள்கிறேன் என்றார். “அங்க ரெண்டு மாடு இருக்குது. அதுங்க ஒண்ணும் கேக்காது, நானும் ஒண்ணும் சொல்ல வேணாம்.” ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. துணிகளை எல்லாம் எடுத்து வைத்ததைப் பார்த்தால் நாள் கணக்காகத் தெரியவில்லை.

“சண்டை போட்டு நிறுத்துக்கா” என்றேன்.

“சண்டைக்கும் காது வேணுமே சிஸ்டர்” என்றாள்.

அந்த நாட்களில் அவள் பெட்டியைக் குறைசொல்லாத நேரமில்லை. மரம் ஈரம் என்றாள், பசை சரியில்லை என்றாள், மழை வரப்போகிறது என்றாள். மூடிகளை இழுத்து ஒட்டினாள், ஸ்பிரிங் மாற்றினாள். அழுத்தி மூடினாலும் கசிந்தது. தோலில் ஓட்டை இருக்குமோ என்று ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஒரு ஊசிமுனைகூட இல்லை. இவ்வளவு நல்ல தோல் ஏன் மூடமாட்டேன் என்கிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. கணவர் போகப்போகிறார் என்ற துக்கத்தை அவள் அந்தக் கேள்விக்குப் பின்னால் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலும் கண் அந்த மூடிகளின் மேலேயே இருந்தது.

பதில் கம்பெனியில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஒரு ஷூவைக் காலில் போட்டு நடந்து பார்க்கிறவர், குதிகால் நழுவுகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அக்கா உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். குதிகாலைப் பிடிக்கிற இடத்தில் மட்டும் உள்தோலைத் திருப்பித் தைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் ஷூவோடு ஒட்டி மறைந்துவிடும், சொரசொரப்பான அடிப்பக்கம் காலைத் தொடும். அந்தச் சொரசொரப்பில்தான் குதிகால் நிற்கும். புதிதாக வந்த பெண் ஒருத்தி, எல்லா இடத்திலும் பளபளப்புதானே முகம் என்று நினைத்து அங்கேயும் அதையே காட்டித் தைத்திருந்தாள்.

“அந்தப் பொண்ண வையலாம்னு வாயத் தொறந்தேன் சிஸ்டர். தொறந்த வாய் அப்படியே நின்னுடுச்சு. நானும் அதத்தான பண்ணி வெச்சிருக்கறேன்! தோலுன்னா நல்ல மூஞ்சி வெளிய தெரியணும். கை தானா அப்படித்தான் ஒட்டுது. உள்ள இருட்டுல மூடிக்கிட்டுக் கெடக்கறதுக்கு எதுக்கு மூஞ்சி?”

பளபளப்பான தோல் பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு உட்கார்கிறது, இடையில் காற்று ஓடுகிறது. அடிப்பக்கத்துப் பஞ்சு பலகையில் அமுங்கினால் காற்றுக்கு வழியில்லை. சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் எல்லா மூடியையும் உரித்துத் திருப்பி ஒட்டினாள். பசை காயவேண்டும் என்று அண்ணன் துணிகளை அடைத்து வைத்திருந்த பையை அதன் மேல் பாரமாக வைத்தாள். அது அவருடைய பை என்பதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப். காலையிலேயே தம்பி வந்துவிட்டார், பைக்கில். வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு, துருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காலால் மிதிக்கிற துருத்தி ஒன்று, அது தருகிற காற்றைச் சேர்த்து வைக்கிற துருத்தி ஒன்று. இரண்டாவதன் மேல் செங்கல் வைத்திருந்தாள். பாரம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தம், அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு சத்தம். மிச்சச் செங்கல் சுவரோரம் இருந்தது.

மிதித்தாள். துருத்தி மேலே எழும்பியது. முனகல் இல்லை. எழும்பி நின்றது, அப்போதும் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கை கோட்டில் வியர்வையைத் துடைத்துக்கொண்டது. பிறகு கடைசிக் கட்டையை, எல்லாவற்றிலும் தாழ்ந்ததை, அழுத்தினாள்.

அதை எப்படிச் சொல்வது. அழகான சத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தரை அதிர்ந்தது, தம்பியின் கையில் டீ தளும்பியது, அலமாரியில் டம்ளர்கள் பேச ஆரம்பித்தன. என் பல்லில் உணர்ந்தேன். அக்கா கட்டையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் அண்ணனுடைய முகம் தெரிந்தது. சீப்பு பாதித் தலையில் நின்றிருந்தது.

“ஏய்!” என்று திரும்பினார். “இன்னா அது? காது கிழியுது! கம்மி பண்ணு!”

தம்பி எழுந்து நின்றுவிட்டார். அக்கா விரலை எடுத்தாள். அண்ணன் சீப்போடு நேராக அவளிடம் வந்தார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் அவள் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதே இல்லை.

“நான் அங்க போய்ட்டா இத்த நீ நாள் பூரா ஊதினு இருப்ப. தெருவே வாசல்ல வந்து நிக்கும். வூட்டுக்காரம்மா காலி பண்ணுன்னுவா. யாரு பதில் சொல்றது? இந்தச் சிஸ்டரா சொல்லும்? அதுவே பாவம், தூக்கமில்லாம செத்துனு இருக்குது!”

அக்கா பதிலுக்குக் கட்டையை அழுத்தினாள். சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று.

“பேசினு இருக்கும்போதே ஊதறா பாரு!”

மறுபடியும் அழுத்தினாள், இந்தத் தடவை இன்னும் நீளமாக. அவள் கன்னம் முழுக்க ஈரம், சிரிப்பில் தோள் குலுங்கியது.

“பாத்தியாடா?” என்று அண்ணன் தம்பியிடம் கத்தினார். “எதுத்துப் பேசறாடா இவ! எம்மாம் நாளாச்சு, இன்னும் அடங்கல பாத்தியா?” அவருக்கு மூச்சு வாங்கியது. பேச இன்னும் நிறைய வைத்திருந்தார் போல, சீப்பை மேஜை மேல் எறிந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

அக்கா குனிந்து, சுவரோரமிருந்து இன்னொரு செங்கல்லை எடுத்துத் துருத்தியின் மேல் வைத்தாள்.